நகரசபைச் சிப்பந்தியும் அவருடைய எஜமானரும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சென்னைப் பட்டணத்தின் வட பாகத்தில் சூரியோதயத்துக்கு வெகு முன்னரே வேலை துவங்கிவிடுகிறது. காசிமேட்டுத் துறையில் படகுகள் கரை சேர்ந்து மீன் ஏலம் நடைபெறுகிறது. துறைமுகத்துக்குச் செல்லவேண்டிய சரக்கு லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை வரிசையாக நிற்கின்றன. திருவொற்றியூரிலும் மணலியிலும் இரவு முறை ஆட்கள் ஆலையை விட்டு வெளியே வர, பகல் முறை ஆட்கள் உள்ளே செல்கின்றனர். இவர்கள் எல்லோரும் கழித்துவிட்ட பொருள்களை வாரி அகற்றுவதற்கென்று அதே வேளையில் மற்றொருவரும் தெருவில் இறங்குகிறார். அவர் மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர். சிறிது நேரம் கழித்து மண்டல அலுவலகம் திறக்கப்படும்போது, பிறப்புச் சான்றுக்கும், சொத்து வரிக்கும், தொழில் உரிமத்துக்கும் வந்து நிற்கும் ஜனங்களுக்குப் பதில் சொல்வதற்காகக் குமாஸ்தா வந்து அமருகிறார். தெருவில் நிற்பவரும் மேஜைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரும் ஆகிய இவ்விருவரும் நகரசபையின் சிப்பந்திகளே. அவர்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும், அவர்களிடம் மற்றவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படும் விஷயம்.

பட்டணத்துச் சிப்பந்தியைப் பற்றிக் கிராமத்துக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் ஏன் கவலை கொள்ள வேண்டும் என்று கேட்கப்படலாம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 2011-ம் வருஷத்தில் சென்னை மாநகராட்சியின் எல்லை விரிவாக்கப்பட்டபோது, 9 நகராட்சிகளும், 8 பேரூராட்சிகளும், 25 கிராமப் பஞ்சாயத்துக்களும் அதனுடன் சேர்க்கப்பட்டன. திருவொற்றியூரும், எண்ணூரை அடுத்த கத்திவாக்கமும் அவ்வாறு சேர்ந்த நகராட்சிகளே. ஆகவே இன்று கிராமமாக இருப்பது நாளை நகரமாகலாம்; இன்று பஞ்சாயத்துத் தலைவரை நேரில் கண்டு குறை சொல்பவர் நாளை மண்டல அலுவலகத்தின் வாசலில் நிற்க நேரிடலாம். இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் நெருக்கமானது. கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளரும், எழுத்தரும், நியாயவிலைக் கடையின் விற்பனையாளரும், கிடங்கின் காவற்காரரும் அங்கத்தினர்களின் பணத்தில் சம்பளம் பெறுகின்றவர்கள். அங்கத்தினர் ஒவ்வொருவரும் இவ்வகையில் ஓர் எஜமானர் ஆகிறார். நல்ல சிப்பந்தியை விரும்பாத எஜமானர் இல்லை. ஆனால் நல்ல எஜமானராக இருப்பது எப்படி என்று சிந்திப்பவர் சிலரே. இராயபுரத்தில் சமீப காலத்தில் நிகழ்ந்தவை அந்தச் சிந்தனைக்கு உதவும்.

ஸ்தாபனத்தின் வரலாறு

சென்னை நகரசபை 1688-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 29-ந் தேதி துவக்கப்பட்டது. இந்தியாவிலுள்ள நகரசபைகளில் இதுவே மிகப் பழமையானது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள அதன் வெண்ணிறமான ரிப்பன் கட்டிடத்துக்கு 1909-ம் வருஷம் அடிக்கல் நாட்டப்பட்டு, 1913-ம் வருஷம் திறப்புவிழா நடைபெற்றது. 2011-ம் வருஷத்து விஸ்தரிப்புக்கு முன் 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகர எல்லை, அதன் பின்னர் 426 சதுர கிலோமீட்டராயிற்று. நகரம் 200 வார்டுகளாகவும் 15 மண்டலங்களாகவும் வகுக்கப்பட்டது. முதல் மண்டலம் திருவொற்றியூர்; எண்ணூரும் கத்திவாக்கமும் அதில் அடங்கும். ஐந்தாம் மண்டலம் இராயபுரம்.

நகரசபை செய்கின்ற காரியங்கள் எவ்வளவு பெரியவையாயினும் அவை சிப்பந்தியின் கை வழியாகவே ஜனங்களைச் சென்று அடைகின்றன. கொருக்குப்பேட்டையில் பிறந்தவரான சர் பிட்டி தியாகராயர் நகரசபைத் தலைவராக இருந்த காலத்தில், 1920-ம் வருஷத்தில், ஆயிரம் விளக்கிலிருந்த நகரசபைப் பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிப்பதற்குத் தீர்மானம் செய்யப்பட்டது. பிற்காலத்தில் தமிழ்நாடு முழுவதும் பரவிய ஒரு பெரிய தர்மத்துக்கு அது முன்னோடியாகும். தீர்மானம் மன்றத்தில் பிறந்தது. ஆயினும் அந்த உணவு பிள்ளையின் இலையில் வந்து விழுந்தது சமைத்தவர், பரிமாறியவர், கணக்கு எழுதியவர் ஆகியோரின் நேர்மையினால்தான். அவர்களில் ஒருவர் அரிசியில் கை வைத்திருந்தாலும் தீர்மானம் வெறுங் காகிதமாய்ப் போயிருக்கும். சிப்பந்தியின் நடத்தை என்பது அவருடைய சொந்த விஷயம் அன்று என்பதை இதனால் அறியலாம்.

சிப்பந்தியிடம் எதிர்பார்க்கப்படுவது

தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களுக்கென 1973-ம் வருஷத்தில் நடத்தை விதிகள் வகுக்கப்பட்டன. நகரசபை, பஞ்சாயத்து முதலிய ஸ்தல ஸ்தாபனங்களின் சிப்பந்திகளிடமும் அவற்றின் சாரமே எதிர்பார்க்கப்படுகிறது. விதிகளின் வாசகம் நீண்டதாயினும் உட்பொருளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஊழியர் முழு நேர்மையுடனும் கடமையில் பற்றுடனும் இருக்க வேண்டும். தம்மிடம் காரியம் ஆகவேண்டியவரிடமிருந்து பரிசு பெறலாகாது. நிலமோ வீடோ வாங்கினால் மேலதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அனுமதியின்றி வேறு வியாபாரம் நடத்தலாகாது. அரசியல் கட்சிகளில் சேர்ந்து வேலை செய்யலாகாது. தேர்தலில் எவருக்கும் வாக்குச் சேகரிக்கலாகாது.

இவ்விதிகள் ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் உண்டு. பரிசை எடுத்துக்கொள்வோம். கடை உரிமம் கேட்டு வந்தவர் தீபாவளிக்கு ஒரு பெட்டி இனிப்பை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறார். குமாஸ்தா அதைக் கேட்டுப் பெறவில்லை. உரிமமும் முறைப்படியே கொடுக்கப்பட்டிருக்கலாம். ஆயினும் அடுத்து வந்து நிற்கும் ஏழைக் கடைக்காரர் அந்தப் பெட்டியைக் காண்கிறார். தாமும் ஒன்று வாங்கி வராவிட்டால் காரியம் நடக்காதோ என்ற ஐயம் அவருக்கு உண்டாகிறது. பெட்டியிலிருந்த இனிப்பு ஒரு நாளில் தீர்ந்துவிடும். அந்த ஐயமோ ஊர் முழுதும் பரவி நெடுநாள் நிலைக்கும். நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, நேர்மை பிறர் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்று விதி கேட்பதன் கருத்து இதுதான்.

சொத்தை அறிவிக்கும் விதியும் அத்தகையதே. அது ஊழியரை அவமதிப்பதற்காக ஏற்பட்டதன்று. உண்மையான வழியில் சேர்த்த பொருளைப் பற்றி நாளை யாரேனும் பழி கூறினால், முன்னரே எழுதிக்கொடுத்த அறிவிப்பு அவரைக் காக்கும் சாட்சியாக நிற்கும். கட்சி வேலை கூடாது என்ற விதியும் இவ்வாறே பொதுஜனங்களையும் ஊழியரையும் ஒருங்கே காக்கிறது. வார்டில் எந்தக் கட்சி வென்றாலும் குப்பை வண்டி எல்லாத் தெருக்களுக்கும் ஒரேவிதமாகச் செல்ல வேண்டும். வென்றவர் மாறும்போது வண்டிக்காரர் மாற்றப்படவும் கூடாது.

இவற்றுக்கு மேலாக எழுத்தில் அடங்காத ஒழுக்கம் ஒன்று உண்டு. அது பேச்சின் ஒழுக்கம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் மகப்பேறு ஆன சில நாட்களில் குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்ய வருகிறாள். அவளிடம், “அந்தத் தாள் இல்லை, நாளைக்கு வா” என்று சொல்வதற்கு ஒரு விநாடி போதும். அவளுக்கோ அது ஒரு நாட் கூலியும் பஸ் கட்டணமும் ஆகும். என்னென்ன தாள்கள் வேண்டும் என்று ஒரே தடவையில் சொல்லி அனுப்புகிறவரே நல்ல சிப்பந்தி. எந்த விதியும் அதைப் பாராட்டிச் சான்று கொடுப்பதில்லை. ஆனால் ஜனங்கள் அவர் பெயரை மறப்பதுமில்லை.

பொதுஜனங்களின் பங்கு

லஞ்சத்தைப் பற்றிப் பேசும்போது வாங்குகிறவரை மட்டும் ஏசுவது வழக்கமாகிவிட்டது. 1988-ம் வருஷத்து ஊழல் தடுப்புச் சட்டப்படி ஸ்தல ஸ்தாபனங்களின் சிப்பந்திகளும் பொது ஊழியர்களே. 2018-ம் வருஷத்தில் அச்சட்டம் திருத்தப்பட்டபின், லஞ்சம் கொடுப்பதும் குற்றமாக விதிக்கப்பட்டிருக்கிறது. வற்புறுத்தலுக்கு ஆளாகிக் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் உரிய அதிகாரிகளிடம் தெரிவித்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஆகையால், “காரியம் ஆக வேண்டியிருந்தது, கொடுத்துவிட்டேன்” என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவது இனிச் செல்லாது. லஞ்ச ஒழிப்புத் துறை 1964-ம் வருஷம் முதற்கொண்டு இம் மாகாணத்தில் வேலை செய்து வருகிறது. லஞ்சம் கேட்கப்பட்டவுடனே, கொடுப்பதற்கு முன்பாகவே, அத் துறையாரை அணுகுவதே முறை.

சட்டம் இலவசமாகக் கொடுத்திருப்பதை அறியாமையால் விலை கொடுத்து வாங்குவோர் பலர். 1969-ம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, 21 நாட்களுக்குள் தெரிவிக்கப்படும் பிறப்பையும் இறப்பையும் கட்டணமின்றிப் பதிவு செய்ய வேண்டும். 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 10 ரூபாய் கட்டணத்துடன் மனுச் செய்தால் அலுவலகம் 30 நாட்களுக்குள் பதில் சொல்லக் கடமைப்பட்டது. பதில் வராவிட்டால் மேல்முறையீட்டுக்கும் இடம் உண்டு. சென்னையில் தெருவிளக்கு எரியாததையும் குப்பை அகற்றப்படாததையும் 1913 என்ற தொலைபேசி எண்ணில் தெரிவிக்கலாம். இவற்றை அறிந்த பிரஜையிடம் தவறு செய்யச் சிப்பந்தி தயங்குவார்; நேர்மையுள்ள சிப்பந்திக்கோ இத்தகைய பிரஜையே துணையாவார்.

குப்பை விஷயத்திலும் அப்படியே. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ம் வருஷத்திய திடக்கழிவு விதிகள் கூறின. நாப்கின் முதலியவற்றைத் தனியே பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கவும் அவை கட்டளையிட்டன. உடைந்த கண்ணாடியையும், ஊசியையும், அழுகிய சோற்றையும் ஒரே பையில் கட்டி எறிகிறவர், அதைக் கையால் பிரிக்கப்போகும் ஓர் அம்மையாரைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை. வடசென்னையின் குப்பை கொடுங்கையூரில் பல ஆண்டுகளாக மலையாகக் குவிந்திருப்பது எல்லோரும் அறிந்ததே. அந்த மலையின் அடிவாரம் ஒவ்வொரு வீட்டின் அடுப்பங்கரையில் இருக்கிறது.

சிப்பந்திக்குச் செய்யவேண்டியது

இதுவரையில் கூறியவை சிப்பந்தியின் கடமையும் பொதுஜனங்களின் கடமையும் ஆகும். மூன்றாவதாக, சிப்பந்தியை வேலைக்கு அமர்த்திய ஸ்தாபனத்தின் கடமை இருக்கிறது. நடத்தை விதிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடுவது இதையே.

முதலாவது, உயிருக்கும் உடலுக்கும் பாதுகாப்பு. 2017-ம் வருஷம் ஜனவரி மாதக் கடைசியில், எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு அருகில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு எண்ணெய் கசிந்தது. எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய கரிய எண்ணெய்க் குழம்பை ஆட்கள் வரிசையாக நின்று வாளிகளால் மொண்டு அகற்றிய காட்சியை நாடே கண்டது. அவர்களுடைய ஊக்கம் போற்றத்தக்கது. ஆயினும் இயந்திரமும் தக்க உடையும் செய்யவேண்டிய வேலையை வாளியும் வெறுங் கையும் செய்யும்படி விடுவது எந்த ஸ்தாபனத்துக்கும் பெருமை தராது. கையுறையும், காலணியும், முகக்கவசமும் வருஷத்துக்கு ஒரு முறை கொடுக்கும் வெகுமதிகள் அல்ல. மேஸ்திரியின் வருகைப் பதிவேட்டைப்போல அன்றாடம் சரிபார்க்கப்பட வேண்டிய தொழிற் கருவிகள். 

சாக்கடைக் குழிக்குள் மனிதரை இறக்கும் கொடுமையை நீக்குவதற்கு 2013-ம் வருஷத்தில் மத்திய சட்டம் ஏற்பட்டது. சாக்கடையில் மாண்டவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2023-ம் வருஷத்தில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையின் உயர்வு ஒருபுறமிருக்க, தீர்ப்பு மறுபடியும் வேண்டியிருந்ததே, சட்டம் ஏட்டளவில் நின்றுவிட்டது என்பதற்குச் சாட்சி. “இறங்கு” என்று மேஸ்திரி சொன்னால், “இறங்க மாட்டேன், அது சட்ட விரோதம்” என்று தொழிலாளி சொல்வதற்கும், அவ்வாறு சொன்னதற்காக மறுநாள் வேலை இழக்காமல் இருப்பதற்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். அத்தகைய ஏற்பாடு இல்லாவிடில் சட்டத்தினால் ஆவது ஒன்றுமில்லை.

இரண்டாவது, மானம். தூய்மைப் பணியில் இருப்போரில் பெருவாரியானவர் பெண்கள். விடியுமுன்னர் தெருவில் இறங்கும் அவர்களுக்கு உடை மாற்றிக்கொள்ள அறையும், கழிப்பிடமும், குடிநீரும் இல்லையாயின் மற்ற விதிகளைப் பற்றிப் பேசுவது வீண். பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-ம் வருஷத்தில் சட்டம் செய்யப்பட்டிருக்கிறது. 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெண்மணியின் தலைமையில் உட்குழு அமைக்கப்பட வேண்டும். அதன் அங்கத்தினரில் பாதிப் பேருக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். வெளியார் ஒருவரும் இடம்பெற வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் புகார் கொடுக்கலாம். 10 பேருக்குக் குறைவாக உள்ள இடங்களுக்கு ஜில்லாவில் தனிக் குழு உண்டு. இச்சட்டம் மேஜைக்கு அருகில் வேலை செய்பவருக்கு மட்டும் உரியதன்று. துடைப்பம் ஏந்துபவருக்கும் ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் அது பொருந்தும்.

மூன்றாவது, குறையைக் கேட்கும் செவி. அரசு ஊழியர் வேலை நிறுத்தம் செய்யலாகாது என்பது நடத்தை விதிகளுள் ஒன்று. 2003-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலை நிறுத்தம் செய்தபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை நீக்கம் செய்யப்பட்டனர். அவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, வேலை நிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமை கிடையாது என்று கூறியது. அத்தீர்ப்பைப் பற்றி இருவேறு அபிப்பிராயங்கள் உண்டு. ஆனால் ஒன்று நிச்சயம். வேலையை நிறுத்தும் உரிமை இல்லை என்று ஊழியரிடம் சொல்லும் ஸ்தாபனம், அவர் வாய் திறந்து சொல்லும் குறையைக் காலத்தில் கேட்டுத் தீர்க்கும் கடமையை இரு மடங்காக ஏற்றுக்கொள்கிறது. கதவை அடைக்கிறவர் ஜன்னலையாவது திறந்து வைக்க வேண்டும்.

இராயபுரத்தின் படிப்பினை

2020-ம் வருஷத்தில் கொரோனா நோய் சென்னையைத் தாக்கியபோது, மே, ஜூன் மாதங்களில் நோய் மிகுந்திருந்த மண்டலங்களில் இராயபுரம் முன்னணியில் நின்றது. நெருக்கமான சந்துகளும், ஒரே அறையில் பலர் வசிக்கும் வீடுகளும், ஓயாத சந்தைகளும் உள்ள பகுதி அது. ஏனையோர் கதவை அடைத்துக்கொண்டிருந்த அந்நாட்களில் தூய்மைப் பணியாளர்கள் தெருத் தெருவாகச் சென்றார்கள். நோயாளியின் வீட்டுக் குப்பையையும் அவர்களே அகற்றினார்கள். ஜனங்கள் அவர்களுக்கு மாலையிட்டு மரியாதை செய்ததும் உண்டு.

ஐந்து வருஷங்களுக்குப் பின், 2025-ம் வருஷம் ஜூன் மாதத்தில், இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஐந்தாம், ஆறாம் மண்டலங்களின் குப்பை அகற்றும் வேலையைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைப்பதென மாநகராட்சி மன்றம் தீர்மானித்தது. இது புதுமையன்று, 2000-ம் வருஷம் முதற்கொண்டே நகரின் சில பாகங்களில் இம்முறை கையாளப்பட்டது. இவ்விரு மண்டலங்களிலும் பல வருஷங்களாகத் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வாயிலாக வேலை செய்துவந்தவர்கள் இதனால் கலக்கமுற்றனர். தனியாரிடம் சென்றால் ஊதியம் குறையும் என்று அவர்கள் அஞ்சினர். தங்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று கோரினர். ஆகஸ்டு மாதம் 1-ந் தேதி முதல் ரிப்பன் கட்டிடத்தின் முன்னுள்ள நடைபாதையில் அமர்ந்தனர். அவர்களுள் மிகப் பலர் பெண்கள். மழையிலும் வெயிலிலும் 13 நாட்கள் சென்றன. நடைபாதையை அடைத்தல் கூடாது என ஹைகோர்ட்டு உத்தரவிட்டபின், 13-ந் தேதி நள்ளிரவில் போலீஸார் அவர்களை அப்புறப்படுத்தினர். மறுநாள் சர்க்கார், தூய்மைப் பணியாளருக்குக் காலை உணவு, தொழில் சார்ந்த நோய்களுக்குச் சிகிச்சை முதலிய நலத் திட்டங்களை அறிவித்தனர். அம்மாதத்திலேயே ஹைகோர்ட்டு, மன்றத்தின் தீர்மானத்தை ரத்து செய்ய மறுத்தது. ஆயினும் தொழிலாளர்கள் கடைசியாகப் பெற்றுவந்த ஊதியம் குறையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தியது.

இவ்விவகாரத்தில் இரு திறத்தார்க்கும் சொல்வதற்கு விஷயம் உண்டு. நகரத்தை ஒரே சீரான முறையில் சுத்தம் செய்வதற்கும், புதிய வண்டிகளையும் இயந்திரங்களையும் கொணர்வதற்கும் ஒப்பந்த முறை உதவும் என்று அதனை ஆதரிப்போர் கூறுகின்றனர். பத்து வருஷத்துக்கு மேல் ஒரே தெருவைப் பெருக்கியவர் இன்னமும் தற்காலிக ஆள்தானா என்று தொழிலாளர் கேட்கின்றனர். இவற்றுள் எது சரி என்று தீர்ப்புச் சொல்வது இச்சொற்பொழிவின் நோக்கம் அன்று. இதில் அடங்கிய ஒரு கேள்வியை மட்டும் ஒவ்வொரு சங்கமும் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்கேள்வி யாதெனில், அந்தத் தொழிலாளிக்கு எஜமானர் யார் என்பதே.

வேலை மாநகராட்சியின் வேலை. தெரு மாநகராட்சியின் தெரு. வரி கொடுப்பவர் பொதுஜனம். ஆனால் ஊதியத்தைப் பற்றிக் கேட்டால் ஒப்பந்தக்காரரைக் காட்டுகிறார்கள்; ஒப்பந்தக்காரர் ஒப்பந்தத்தைக் காட்டுகிறார். நடத்தை விதி என்று வரும்போது மட்டும், நேரத்துக்கு வரவேண்டும், சீருடை அணியவேண்டும், பணிவாகப் பேசவேண்டும் என்று எல்லோரும் எஜமானர் ஆகிவிடுகின்றனர். கடமையைக் கேட்க ஐந்து பேரும், குறையைக் கேட்க ஒருவரும் இல்லாத இடத்தில் ஒழுக்கம் எவ்வாறு வளரும்? சட்டமும் இக்கருத்தையே கொண்டிருக்கிறது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் வேலையின் சொந்தக்காரரே கொடுக்க வேண்டும் என்று 1970-ம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 2025-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அக்கொள்கையைக் கைவிடவில்லை. வேலையைப் பிறர் கையில் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைத்துவிட முடியாது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

கூட்டுறவு இயக்கம் இம்மாகாணத்தில் வேரூன்றியது 1904-ம் வருஷத்தில். வடசென்னைக்கு மேற்கே, இன்றைய திருவள்ளூர் ஜில்லாவில் உள்ள திரூர்க் கிராமத்தில் அவ்வருஷம் விவசாயிகளுக்கான கடன் சங்கம் துவக்கப்பட்டது. பட்டணத்தில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அவ்வருஷத்திலேயே பிறந்தது. அன்று அங்கத்தினர்கள் தங்கள் சிப்பந்தியை முகமறிந்து, அன்றாடம் கண்டு வேலை வாங்கினர். இன்று சங்கங்கள் பெருகிவிட்டன. சிப்பந்தியும் அங்கத்தினரும் ஒருவரையொருவர் அறியாத நிலையும் சிலவிடங்களில் ஏற்பட்டுவிட்டது. ஆகவே கீழ்க்கண்டவற்றை ஒவ்வொரு சங்கமும் வருஷாந்திரப் பேரவைக் கூட்டத்தில் ஆலோசிப்பது நலம்.

முதலாவதாக, சங்க அலுவலகத்தின் வெளிச் சுவரில் ஒரு பலகை இருக்க வேண்டும். அலுவல் நேரம், கடன் மனுவுக்கு வேண்டிய தாள்கள், மனுவுக்குப் பதில் சொல்ல ஆகும் நாட்கள், கட்டவேண்டிய கட்டணங்கள், புகாரைக் கேட்கும் அதிகாரியின் பதவி ஆகியவை அதில் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டும். பலகையில் இல்லாத கட்டணத்தை எவரும் கொடுக்க வேண்டியதில்லை என்ற வரியும் அதில் சேர்ந்திருத்தல் நன்று.

இரண்டாவதாக, அப்பலகைக்கு எதிரே, உள்ளே, இன்னொரு பலகையும் வேண்டும். சிப்பந்திக்குச் சம்பளம் வழங்கும் தேதி, வார விடுமுறை, சேமநிதி, விபத்து நேர்ந்தால் சங்கம் செய்யும் உதவி ஆகியவை அதில் காணப்பட வேண்டும். சம்பளத்தை மூன்று மாதம் நிறுத்திவைத்துவிட்டுக் கணக்கில் பிழை நேர்ந்ததே என்று வருந்தும் நிர்வாகக் குழு, பிழையின் ஒரு பாதிக்குத் தானே காரணம் என்பதை உணர வேண்டும்.

மூன்றாவதாக, தவறு செய்தவரைத் தண்டிக்கும்போது முறை தவறலாகாது. 1983-ம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-வது பிரிவின்படி விசாரணையும், 87-வது பிரிவின்படி தண்டத்தீர்வையும் உண்டு. சங்கத்துக்கு நஷ்டம் விளைவித்தவரிடமிருந்து அதனைத் திரும்பப் பெறுவதற்கு இவை போதுமானவை. ஆனால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, மறுமொழி சொல்ல அவகாசம் அளித்து, அதன் பிறகே முடிவு செய்ய வேண்டும். கோபத்தில் ஒருவரை நீக்குவதும், தயவால் ஒருவரை விட்டுவிடுவதும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்கள்.

நான்காவதாக, பஞ்சாயத்தில் குப்பை அகற்றும் தூய்மைக் காவலர்களையும் அங்கத்தினர்கள் மறக்கலாகாது. அவர்கள் சங்கத்தின் சிப்பந்திகள் அல்லர். ஆயினும் சங்கத்தின் வாசலையும் சந்தையையும் சுத்தம் செய்பவர்கள் அவர்களே. அவர்களுக்குக் கையுறை கிடைக்கிறதா, ஊதியம் தேதியில் வருகிறதா என்று கிராம சபையில் எழுந்து கேட்பதற்கு எந்தச் செலவும் இல்லை. அவர்களைச் சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டு, வட்டிக்காரர் வாசலுக்குப் போகாமல் காப்பதும் சங்கத்தால் ஆகக்கூடியதே.

முடிவுரை

விதி என்பது தராசைப் போன்றது. ஒரு தட்டில் சிப்பந்தியின் கடமை. மறு தட்டில் அவருக்குச் சேரவேண்டிய பாதுகாப்பும், ஊதியமும், மதிப்பும். ஒரு தட்டை மட்டும் தொங்கவிட்ட தராசைச் சந்தையில் எவரும் ஏற்கமாட்டார். அதைத் தங்கள் அலுவலகத்தில் மட்டும் ஏற்றுக்கொள்வது எவ்வாறு பொருந்தும்?

இராயபுரத்தின் சந்தில் நாளையும் விடியுமுன்னர் ஓர் அம்மையார் தள்ளுவண்டியுடன் வருவார். அவர் நேரத்துக்கு வந்தாரா என்று பார்க்க ஆள் இருக்கிறார். கையெழுத்து வாங்கப் பதிவேடும் இருக்கிறது. அவருக்குக் கையுறை உண்டா, அவர் சொல்லும் குறை எங்கே எழுதப்படுகிறது, அதற்கு யார் பதில் சொல்கிறார் என்று பார்ப்பதற்கும் அப்படியே ஒரு பதிவேடு இருக்குமானால், நடத்தை விதிகளைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசவேண்டிய அவசியம் நேராது. அந்த இரண்டாவது பதிவேட்டைச் சங்கங்கள் தங்கள் தங்கள் அலுவலகத்தில் இவ்வருஷமே திறப்பார்களாக.